பகலில் சாத்திய கதவு

எங்கள் தெருவில் பகலில் வாசல் கதவைச் சாத்தும் வழக்கம் கிடையாது. சாத்தியிருந்தால் வீட்டில் ஆள் இல்லை, வெளியூர் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். கீரைக்காரி கூட அந்த வாசலில் குரல் கொடுக்க மாட்டாள். திண்டுக்கல்லிலேயே பிறந்து, அதே வீட்டில் நாற்பது வயதைத் தாண்டியவள் நான். எனக்கு அது எப்படி மறந்துபோனது என்று இன்றைக்கும் புரியவில்லை.

ஒரு நூல் மில்லின் ஆபீஸில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். மில்லை மூடினார்கள். மெஷின்களைப் பத்திரமாகப் போர்த்தி லாரியில் ஏற்றினார்கள், எங்களைச் சொந்தச் செலவில் பஸ் ஏறச் சொன்னார்கள். அம்மா மௌத்தாகிக் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணம் என்று ஒன்று நடந்து, நிலைக்காமல், நான் வீட்டுக்குத் திரும்பி வந்து அதற்கும் பல வருஷம். ஆக, வேலை போனதும் மிஞ்சியது நானும் வீடும்தான்.

அண்ணன் திருப்பூரில் இருக்கிறார். செய்தி கேட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டார். திரும்பிப் போகும்போது வாசல்படியில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "நீ ஒத்தையில இங்கன கெடந்து என்ன செய்யப் போற? நோன்புக்கு முன்னாடியே அங்க வந்துரு. இல்லாட்டி பெருநாளுக்கு நானே வந்து கூட்டிக்கிட்டுப் போறேன். வீட்டை வாடகைக்கு விட்டுருவோம்."

அண்ணன் நல்லவர். அவர் மனைவி, என் மச்சியும் முகம் சுளிக்கிறவர் இல்லை. ஆனால் விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள், நான் ஆயுசு முழுக்கப் போக வேண்டும். அவர்கள் வீட்டில் எந்த நேரத்தில் ஃபேன் போடலாம், எந்த டம்ளரில் டீ குடிக்கலாம் என்று நான் யோசிக்க வேண்டும். இங்கே மாவு புளித்துப் போனாலும் அது என் மாவு. பெருநாளுக்குள் ஒரு வேலை கிடைத்தால் இந்த வீட்டில் இருக்கலாம், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். இதுதான் என் நிலைமை.

என் வயதுக்கும் படிப்புக்கும் ஊருக்குள் வேலை இல்லை. எனவே வீட்டிலிருந்தே செய்யும் வேலையைத் தேடினேன். தேட வேண்டிய அவசியமே இல்லை, அதுவே நம்மைத் தேடி வரும். பஸ் ஸ்டாண்டுத் தூணில், ஆட்டோவின் முதுகில், வாட்ஸ்அப்பில், எங்கே பார்த்தாலும் 'இல்லத்தரசிகளே, வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்' என்று கூப்பிட்டார்கள். பேனாவை டப்பாவில் அடுக்குவது, வீடியோவுக்கு லைக் போடுவது, பார்க்காத ஹோட்டலுக்கு நட்சத்திரம் கொடுப்பது. எல்லாவற்றிலும் வேலைக்கு முன்னால் நான் ஏதாவது கட்ட வேண்டியிருந்தது.

ஒரு பேனா பேக்கிங் விளம்பரத்தில் மட்டும் 'நேரில் வரவும்' என்று செம்பட்டி முகவரி போட்டிருந்தது. நேரில் கூப்பிடுகிறவன் திருடனாக இருக்க மாட்டான் என்று நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த விலாசத்தில் இருந்தது ஒரு தேங்காய் குடோன். மட்டை மலைக்கு நடுவே உட்கார்ந்திருந்த வியாபாரி என்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நீங்களும் பேனாவாம்மா? எவனோ எங்க விலாசத்தைப் போட்டு வச்சிருக்கான். வாரவுகளுக்கு எல்லாம் பதில் சொல்றதே எனக்கு ஒரு வேலையாப் போச்சு."

"அந்த வேலையையாவது எனக்குக் குடுங்களேன்" என்றேன்.

அவர் சத்தமாகச் சிரித்துவிட்டு இளநீர் வெட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் திரும்பும்போது எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துவிட்டேன். அப்படி நினைத்ததுதான் அன்றைக்குத் தாங்க முடியாமல் போனது.

சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா சோற்றுக்குத் தொட்டுக்க வெஞ்சனம் கொண்டுவந்தாள். அவள் வீட்டுக்காரர் பிரியாணிக் கடை வைத்திருக்கிறார். அந்த வீட்டில் எது செய்தாலும் ஒரு கிண்ணம் எனக்கு வந்துவிடும். நானும் கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுத்தது கிடையாது, சீனியாவது போட்டுத்தான் கொடுப்பேன். அவளிடம் தேங்காய் குடோன் கதையைச் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தவள், "எங்க மருமகளும் இப்படித்தான் போனைத் தேச்சுக்கிட்டு வேலை தேடுறா. ரெண்டு பேரும் சேந்து தேடுங்களேன்" என்றாள்.

மருமகள் கம்ப்யூட்டர் படித்தவள், கைக்குழந்தைக்காரி. இரண்டு பேரும் சேர்ந்து தேடியதில் கொஞ்சம் புத்தி வந்தது. விளம்பரத்தை நம்பாமல் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் போய்ப் பார்க்கக் கற்றுக்கொண்டோம். எனக்கென்று ஓர் அளவுகோலும் வைத்திருந்தேன். உண்மையான வேலை தருகிறவன் நம்மைச் சந்தேகப்படுவான், ஏமாற்றுகிறவன்தான் முதல் நிமிஷத்திலேயே நம்மை நம்புவான். 'மேடம், உங்களை மாதிரி ஆளைத்தான் தேடிக்கிட்டிருந்தோம்' என்று எவனாவது ஆரம்பித்தால் உடனே போனை வைத்துவிடுவேன்.

அப்படிச் சலித்ததில் ஒரு வேலை தேறியது. ஆன்லைனில் பொருள் வாங்குகிறவர்கள் குறை சொல்லப் போன் செய்வார்கள், தமிழில் பேசிச் சமாதானம் செய்ய வேண்டும். இரண்டு பேருமே விண்ணப்பம் போட்டோம். என்னைக் குடைந்து குடைந்து கேள்வி கேட்டார்கள். பழைய வேலையை ஏன் விட்டீர்கள், கோபம் வருமா, கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று ஒரே சந்தேகம். எனக்கு ஒரே சந்தோஷம், இது நிஜமான வேலை.

"வீட்ல வேற யாரெல்லாம் இருக்காங்க?"

"யாருமில்லைங்க. நான் மட்டும்தான்."

"ரொம்ப நல்லது" என்றார் அந்த அதிகாரி.

நான் தனி ஆள் என்பதைக் கேட்டு ஒருவர் ரொம்ப நல்லது என்றது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கடைசியாக ஒரு சோதனை. மைக்கைத் திறந்து வைத்துவிட்டு எதுவும் பேசாமல் ஐந்து நிமிஷம் உட்காரச் சொன்னார்கள். வீட்டில் எவ்வளவு சத்தம் வருகிறது என்று பார்ப்பார்களாம். அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் யாரோ என் வீட்டின் அமைதியை உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா போனதிலிருந்து என்னைத் தின்றுகொண்டிருந்த அந்த அமைதிக்கு முழு மதிப்பெண் போட்டார்கள்.

மருமகளுக்கு எனக்கு முன்னாலேயே சோதனை நடந்தது, அவள் தேறவில்லை. அவளுடைய ஐந்து நிமிஷத்தில் குழந்தை அழுதது, குக்கர் கத்தியது, மாமனார் செருப்பைக் காணோம் என்று தேடினார். என்னைவிட நூறு மடங்கு கெட்டிக்காரி. வீடு நிறைய ஆள் இருந்ததால் வேலை கிடைக்கவில்லை. இதை எந்த முகத்தோடு போய் அவளிடம் சொல்வது? எனக்குக் கிடைத்தது எப்படியும் அவளுக்குத் தெரிந்திருக்கும், அக்காவே வந்து கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன். அண்ணனிடமும் சொல்லவில்லை. 'எல்லாம் ஏமாத்து வேலை' என்பார். முதல் சம்பளம் கைக்கு வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கம்பெனி கொடுத்த கம்ப்யூட்டரோடும் ஹெட்செட்டோடும், நோன்பு தொடங்கிய அன்றைக்கே வேலையும் தொடங்கியது. தெருச் சத்தம் உள்ளே வரக் கூடாதே என்று வாசல் கதவைச் சாத்திச் சங்கிலி போட்டேன். ஜன்னலில் அம்மாவின் கம்பளியைத் தொங்கவிட்டேன். வேலை முடிந்த பிறகும், மருமகள் முகத்தில் விழிக்கக் கூசி, அந்தச் சங்கிலியை எடுக்கவில்லை; ஏதாவது வாங்க வேண்டுமானால் கொல்லைப்புறக் கதவைத் திறந்து பின் சந்துக் கடைக்குப் போய்வந்தேன். நோன்பு மாதம், பகலில் சமையலும் இல்லை, தாளிக்கிற வாசனையும் இல்லை.

காதில் மட்டும் நாள் முழுக்க ஜனம். சேலைச் சாயம் போனவர், செருப்பு ஒரு கால் மட்டும் வந்தவர். ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் 'வேற ஏதாவது உதவி வேணுமா?' என்று நான் கேட்டாக வேண்டும், அது சட்டம். பழனிப் பக்கம் கீரனூரிலிருந்து பேசிய பெரியவர் ஒருவர், "வேற ஒண்ணும் இல்லீங்க. நீங்க சாப்டாச்சுங்களா?" என்றார். சொந்த விஷயம் எதையும் பேசக் கூடாது என்பதும் சட்டம். "அழைத்ததற்கு நன்றி" என்று வைத்துவிட்டேன். வைத்தபிறகு வெகுநேரம் மனசு அந்தக் கேள்வியிலேயே நின்றது.

எதிர்வீட்டு அக்கா வரவே இல்லை. ஒவ்வொரு நோன்பிலும் பள்ளிவாசல் கஞ்சியை வாங்கி எனக்கும் ஒரு சொம்பு தருகிறவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மருமகளுக்குக் கிடைக்காத வேலை எனக்குக் கிடைத்த வயிற்றெரிச்சல் என்று முடிவு கட்டினேன். எனக்கு வசதி குறைச்சலே தவிர ரோஷத்துக்குக் குறைச்சல் கிடையாது. அவள் வராவிட்டால் நான் மட்டும் ஏன் போக வேண்டும்? பாங்கு சொல்லும்போது ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீருமாக, சுவரைப் பார்த்துக்கொண்டு நோன்பு திறந்தேன். தெருவில் பிள்ளைகள் கஞ்சி வாளியோடு ஓடுகிற சத்தம் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கும். என் கதவில் நின்றதே இல்லை.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் சம்பளம் வந்துவிட்டது. ஏமாற்று வேலை இல்லை, நிஜச் சம்பளம். குறுஞ்செய்தியை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. சத்தம் போட்டு ஒரு தடவை படித்தேன். யாராவது கேட்க வேண்டும் போலிருந்தது.

புதிதாகச் சேர்ந்தவளுக்குப் பெருநாள் லீவு கிடையாது. அன்றைக்கும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தெரு முழுக்கச் சீரகச் சம்பா வாசனை. வீட்டுக்கு வீடு தட்டு போகும் சத்தம் கேட்டது. இதோ வரும், இதோ வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பெருநாள் சோற்றைக்கூடக் கொடுக்காத அளவுக்கு என்ன வெறுப்பு என்று நினைத்தபடியே அடுத்த போனை எடுத்தேன்.

மத்தியானத்துக்கு மேல் குஜிலியம்பாறைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா பேசினார். மருமகன் வாங்கி அனுப்பிய மிக்ஸியில் ஜார் மூடி உடைந்திருந்ததாம். அவர் பக்கம் ஆடு கத்துகிறது, யாரோ பம்ப் செட்டை நிறுத்தச் சொல்லிக் கூவுகிறார்கள். நான் விவரம் கேட்டுக்கொண்டிருக்கும்போது என் வாசல் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. அண்ணனின் குரல். அதற்கு மேலே எதிர்வீட்டு அக்காவின் குரல்:

"ஏன் தம்பி, பூட்டிக் கெடக்குற வீட்டைப் போட்டுத் தட்டுற? அவதான் நோன்புக்கு முன்னாடியே ஒங்க வீட்டுக்கு வந்துட்டாளே!"

"எங்க வீட்டுக்கா? வரலையேக்கா. அவ இங்கனதானே இருக்கா?"

பகலில் சாத்திய கதவுக்கு எங்கள் தெருவில் என்ன அர்த்தம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மைக்கை அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

"ஒங்க வாசல்ல யாரோ தட்டுறாக போல" என்றார் போனில் அந்த அம்மா. "போயிப் பாரு தாயி. மூடி எங்கயும் ஓடிராது. நான் இருக்கேன்."

ஹெட்செட்டோடு போய்ச் சங்கிலியை எடுத்தேன். வெயிலில் கண் கூசியது. புதுச் சட்டையில் அண்ணன், கையில் கரண்டியோடு அக்கா. அண்ணன் என் காதில் இருந்ததையும் உள்ளே எரிந்த கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேலை கெடச்சிருச்சுண்ணே. சம்பளமும் வந்துருச்சு. நான் வரலை" என்றேன். ஒரு மாதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த வாக்கியம். ஜெயித்த மாதிரிச் சொல்ல நினைத்திருந்தேன், மன்னிப்பு கேட்கிற மாதிரிதான் வந்தது.

அக்கா அதைக் காதிலேயே வாங்கவில்லை. என்னைத் தாண்டி உள்ளே பார்த்தாள். ஜன்னல் கம்பளி, மேஜையில் பேரீச்சம்பழ டப்பா, ஒரே ஒரு டம்ளர்.

"அப்ப ஒரு மாசமா எதுத்தாப்புலதான் கெடந்தியாடி?" என்றாள். "ஒத்தையிலயா நோன்பு தொறந்த?"

"ஆமாக்கா."

அவள் என் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். நானும் அழுதேன். அழுதுகொண்டே அவள் தட்டு எடுக்கத் தன் வீட்டுக்கு ஓடினாள். அப்புறம்தான் காதில் ஆடு கத்துவது கேட்டது. அந்த அம்மா இன்னும் லைனிலேயே இருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். புது மூடி அனுப்பி வைப்பதாகச் சொன்னேன். பிறகு, சட்டப்படி, வேற ஏதாவது உதவி வேணுமா என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் வேணாம் தாயி" என்றார் அவர். "கதவைச் சாத்தாம, நீ போயி அவுககூட ஒக்காந்து சாப்பிடு."