பம்பு ஹவுஸுக்கு அப்பால்

நடந்ததைத்தான் எழுதுகிறேன். நம்ப முடியாதவர்கள் நம்பாமல் இருந்துகொள்ளலாம். ஆனால் இது யாருக்கு நடந்ததோ, அவர் கதை கட்டுகிற ஆள் இல்லை. ஆடிட்டர். ஒரு காபிக்கு ரசீது இல்லையென்றால் அந்தக் காபியே குடிக்கப்படவில்லை என்று சாதிப்பவர். அப்படிப்பட்டவர் தன் பின்னால் ஏதோ வந்தது என்று சொன்னால், வந்திருக்க வேண்டும்.

ஐம்பதைத் தொட்டதும் டாக்டர் அவரை நடக்கச் சொன்னார். நடப்பது சாதாரண ஜனங்கள் செய்கிற காரியம் என்பதால் ஆடிட்டர் சைக்கிள் வாங்கினார். அதிலும் கிராவல் சைக்கிள். சரளைக் கல்லிலும் செம்மண்ணிலும் ஓடுவதற்கென்றே தடித்த டயர் போட்டது. கார், பஸ், லாரி எதுவும் வராத வழியாகத் தேடிப்பிடித்து ஓட்டுகிற ஒரு கூட்டத்தில் சேர்ந்தார். வாய்க்கால் கரை, கைவிடப்பட்ட ரயில் பாதை, தோப்புக்கு நடுவே போகும் வண்டித்தடம், கடலோர மேடு. சேர்ந்த ஆறு மாதத்தில் தலைவராகிவிட்டார். வேறு யாரும் போட்டியிடவில்லை. தேர்தல் நடந்ததே பலருக்குத் தெரியாது.

இணையத்தில் ‘வாகனம் வராத வழிகள்’ என்று ஒரு பக்கம் தொடங்கி, ஒவ்வொரு வழியையும் வரைபடத்தோடும், தானே பேசிய வீடியோவோடும் போட்டார். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே வாசகம்: ‘முழு வழியும் நானே ஓட்டிச் சரிபார்த்தது.’ பக்கத்திலேயே, அந்த வழியை எத்தனை பேர் போனில் இறக்கிக்கொண்டார்கள் என்ற எண். தூங்கப் போகுமுன் அந்த எண்ணை ஒருமுறை பார்த்துவிடுவார். மனைவி முகத்தைப் பார்த்ததாகத் தகவல் இல்லை.

ஒன்பதாவது வழியில்தான் சறுக்கினார். கலங்கரை விளக்கத்தில் தொடங்கி, வயல்களைச் சுற்றிக்கொண்டு, மறுபடி கடலோரம் வந்து, செம்மண் மேட்டின் விளிம்பில் ஆற்றின் முகத்துவாரம் வரை போகவேண்டிய வழி. நடுவில் ஒரு பாழடைந்த பம்பு ஹவுஸ். அதுவரை ஓட்டினார். அங்கே முட்டி மடங்க மறுத்தது. திரும்பிவிட்டார். மிச்சத்தை வீட்டு சோபாவில் காலை நீட்டி, செயற்கைக்கோள் படத்தில் தெரிந்த வெள்ளைத் தடத்தின் மேல் விரலால் இழுத்துவிட்டார். கோடு அழகாக வந்தது. அடியில் அந்த வாசகம் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது.

சில நாளில் அந்தப் பக்கத்தில் ஒரு கேள்வி. கேட்டவர் ஒரு நர்ஸ். ‘சார், பம்பு ஹவுஸுக்கு அப்புறம் பாதை நல்லா இருக்குமா? நாளைக்குத் தனியாத்தான் போறேன்.’

ஆடிட்டர் பதில் போட்டார். ‘கண்ணை மூடிட்டுப் போங்கம்மா. நானே ஓட்டியிருக்கேன்.’

அதற்குப் பிறகு நர்ஸிடமிருந்து மூச்சே இல்லை. இவர் வழியில் போய்வருகிறவர்கள் எங்காவது சைக்கிளைச் சாய்த்துவைத்து ஒரு படம் எடுத்துப் போடாமல் இருக்கமாட்டார்கள். அதுவும் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று. இரண்டு. மூன்று... ஆடிட்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அலுவலகத்தில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற ரப்பர் ஸ்டாம்பைக் கையில் எடுத்துவிட்டு, குத்தாமலே கீழே வைத்தார். கடைசியில் மனைவியிடம் சொன்னார்.

“அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்.”

“நம்பர் இல்லை.”

“அப்ப அந்த வழியை எடுத்துடுங்க.”

“எடுத்தா, ஏன் எடுத்தேன்னு கேப்பாங்க.”

“ஓட்டலை, அதான் எடுத்தேன்னு சொல்லுங்க. சொன்னா நாக்கு வெந்துடுமா?”

வெந்துவிடும் என்றுதான் அவருக்குத் தோன்றியது. தலைவர் அல்லவா! பொய்யை எடுப்பதைவிட, அந்த மிச்சத்தையும் ஓட்டி அதை உண்மையாக்கிவிடுவதே கௌரவம் என்று பட்டது. ஒரு வேலை நாளில், ‘கிளையன்ட் மீட்டிங்’ என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டு, தனியாகக் கிளம்பினார்.

நல்ல வெயில். பம்பு ஹவுஸை அடைந்தபோது மணி நாலு பத்து. கதவில்லாத அறை, துருப்பிடித்த குழாய், தரையெல்லாம் ஆட்டுப் புழுக்கை. அதைத் தாண்டி முதல்முறையாகச் சக்கரத்தை உருட்டினார். பாதை இருந்தது! சரளை டயருக்கடியில் கறமுறவென்று நொறுங்கியது. “நான்தான் சொன்னேனே” என்றார், கேட்பதற்கு ஆளில்லாத இடத்தில்.

அப்போதுதான் கடலிலிருந்து மூடுபனி ஏறியது. வெயிலை ஈரத்துணி போட்டுத் துடைத்தது மாதிரி. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

இந்தச் சைக்கிள்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவர் தடையைக் கண்டதும் குரல் கொடுப்பார். அடுத்தவர் அதையே தனக்குப் பின்னால் வருபவருக்காகத் திருப்பிச் சொல்வார். அப்படியே கடைசி ஆள்வரை போகும். முன்னால் போகிறவரை நம்பித்தான் மற்றவர்கள் தலை நிமிராமல் மிதிப்பார்கள். தலைவர் என்பதால் எப்போதும் ஆடிட்டர்தான் முன்னால். பழக்கதோஷம். தனியாக வந்ததை மறந்து கத்தினார்.

“பள்ளம்!”

பின்னாலிருந்து வந்தது... “பள்ளம்.”

பெண் குரல். தூரத்தில்.

எதிரொலி என்று நினைத்தார். எதிரொலிக்க அங்கே சுவர் இல்லை, மலை இல்லை. ஒரு பக்கம் வெறும் பொட்டல். மறுபக்கம் கடல்.

“கல்லு!” என்றார், சோதித்துப் பார்க்க.

“கல்லு.”

சரி, யாரோ வருகிறார்கள். நல்லதுதான், துணைக்கு ஆச்சு. வேகத்தைக் குறைத்தார். “யாரும்மா அது?”

காதைத் தீட்டிக்கொண்டார்.

ஒரு சத்தம் மட்டும் கேட்டது. டிக் டிக் டிக் டிக்... மிதிக்காமல் சைக்கிள் உருளும்போது பின்சக்கரத்தின் ஃப்ரீவீல் போடுகிற சத்தம். அவருக்குப் பழகிய சத்தம்தான். ஆனால் குரல் தூரத்தில் இருந்தது. இது பக்கத்தில். அவர் பின்சக்கரத்தை ஒட்டி.

பாதை மேலே ஏறத் தொடங்கியது. நல்ல ஏற்றம். மூச்சு வாங்கியது. எழுந்து நின்று மிதித்தார்.

டிக் டிக் டிக் டிக்...

நிற்கவே இல்லை.

ஏற்றத்தில் மிதிக்காமல் யாரால் வர முடியும்?

இன்னொன்றும் உறைத்தது. அவர் டயருக்கடியில் சரளை நொறுங்கியது. பின்னால் நொறுங்கவில்லை. சக்கரம் சுற்றியது. தரையைத் தொடாமல்.

திரும்பிப் பார்த்தார். பனி.

ஓடினார். சைக்கிளில் ஓடுவது என்றால் எப்படியோ அப்படி. முட்டி வலி போன இடம் தெரியவில்லை. குரல் கொடுப்பதை நிறுத்தினார். வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

தூரத்துக் குரல் இப்போது கேட்டது.

“சார்... முன்னாடி என்ன இருக்கு?”

இன்னும் அழுத்தி மிதித்தார்.

“சார், சொல்லுங்க... நேராப் போலாமா?”

மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்தது உடைந்துகொண்டு வந்தது.

“தெரியாதும்மா!” என்று அலறினார். “நான் வந்ததே இல்லைம்மா! நில்லு! நின்னுடு!”

தானும் இரண்டு பிரேக்கையும் பிடித்தார்.

சைக்கிள் சறுக்கி நின்றது.

முன் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி... தரை இல்லை.

மேடு இடிந்து போயிருந்தது. கீழே எங்கோ அலை.

டிக் டிக் டிக்.

நிற்கவில்லை.

காதோரம் ஈரக்காற்று. அவரைத் தாண்டி...

விளிம்பைத் தாண்டி...

டிக்... டிக்...

நின்றது.

சைக்கிளை உருட்டிக்கொண்டு பம்பு ஹவுஸ்வரை நடந்தே வந்தார். வழியில் எந்தப் பெண்ணும் இல்லை. ஈர மண்ணில் போன தடம் ஒன்றுதான். அவருடையது.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றவில்லை. ஒன்பதாவது வழியின் வரைபடத்தை நீக்கினார். அடியில் இருந்த வாசகத்தை அழித்துவிட்டுத் தட்டினார்: ‘பம்பு ஹவுஸுக்கு அப்பால் நான் ஓட்டவில்லை. ஓட்டியதாகச் சொன்னது பொய். அங்கே பாதை இடிந்து கிடக்கிறது. யாரும் போகாதீர்கள்.’ மனைவி தோளுக்கு மேலாகப் படித்தார். நாக்கு வெந்துவிட்டதா என்றுகூடக் கேட்கவில்லை.

மறுநாள் காலை நர்ஸிடமிருந்து பதில் வந்திருந்தது.

‘சார், மன்னிச்சுக்குங்க. பயத்துல இத்தனை நாள் எழுதலை. நீங்க சொன்ன மறுநாளே போனேன். பம்பு ஹவுஸைத் தாண்டினதும் ஒரே பனி. எனக்கு முன்னாடி நீங்க போயிக்கிட்டிருந்தீங்க. ஆள் தெரியலை, ஆனா வீடியோல கேட்ட அதே குரல். பள்ளம், கல்லுன்னு சொல்லிக்கிட்டே போனீங்க, நானும் திருப்பிச் சொன்னேன். முன்னாடி என்ன இருக்குன்னு கேட்டதுக்கு, தெரியாது, நான் வந்ததே இல்லைன்னு கத்தினீங்க. பிரேக்கைப் பிடிச்சுட்டேன். இல்லேன்னா நான் இன்னிக்கு இல்லை. பனி விலகினப்போ உங்களைக் காணோம். நீங்க கடல்ல விழுந்துட்டீங்களோன்னு பயந்தேன் சார்...’

அவள் போன அந்த நாளில் ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தார். நாள் முழுக்க. அதற்குச் சாட்சி சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள்.

அது எப்படியோ போகட்டும், பெண் உயிரோடு இருக்கிறாள். மூன்று வாரத்துக்குப் பிறகு முதல்முறையாக அவருக்குப் பசித்தது. அப்புறம்தான் கவனித்தார், செய்தி முடியவில்லை. கீழே இன்னும் கொஞ்சம் இருந்தது.

‘ஒண்ணு மட்டும் கேக்கணும் சார். நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல, மிதிக்காமலே ஒருத்தர் வந்துக்கிட்டிருந்தாரே. நாம நின்னப்ப அவர் மட்டும் நிக்கலையே... அவர் யாரு?’

ஆடிட்டர் ஒன்பதாவது வழியின் பக்கத்தைத் திறந்தார். வரைபடம் போய்விட்டிருந்தது. பக்கத்தில் அந்த எண் மட்டும் அப்படியே நின்றது.

இறக்கிக்கொண்டவர்கள்: இரண்டு.

ஒருவர் நர்ஸ். போகுமுன் கேட்டுவிட்டுப் போனவர்.

இன்னொருவர் எதுவும் கேட்கவில்லை. அடியில் இருந்த வாசகத்தை அப்படியே நம்பிவிட்டார்.