ஒட்டாத காடிகள்

மலேசியாவில், கேமரன் மலையின் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் டிரையர்க்காரர் என்றால் புனிதன்தான். ஒரு பெரிய இரும்புப் பெட்டிக்குள் சூடான காற்று ஊதிக்கொண்டே இருக்கும். ஈரத்தோடு உள்ளே போகிற இலை கறுத்து, மொறுமொறுவென்று மறுபக்கம் வந்து விழும். அங்கே நின்று ஒரு பிடி அள்ளி, நெரித்து, முகர்ந்து, காய்ந்தது காயவில்லை என்று சொல்வது அவர் வேலை. தொழிற்சாலைக்கு வெளியே மலைக்குளிர் எலும்பைக் குடையும். உள்ளே வெக்கை ஆளைப் பிழியும். ஆயுள் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவே போய்வந்த மனிதருக்கு மிஞ்சியது அலுப்பு. தூங்கினால் போகிற அலுப்பாக இருந்தால் பரவாயில்லை, இது தூங்கி எழுந்தாலும் கூடவே எழுந்து வரும். வேலை முடிந்து வந்தால் சட்டையைக் கழற்றுவதற்குள் நாற்காலியில் கண் சொருகிவிடும். மனைவி மோகனா சோற்றைப் போட்டு வைத்துவிட்டுத் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்.

இப்பேர்ப்பட்டவருக்கு ஓர் ஆசை இருந்தது. பிளாஸ்டிக் காடி ஒட்டும் ஆசை.

எங்கள் பக்கம் காரைக் காடி என்றுதான் சொல்வோம். இது பெட்டியில் வருகிற பொம்மைக் காடி. பெட்டியின் மேல் வண்ணப் படம் இருக்கும். உள்ளே கதவு, கூரை, இருக்கை, விளக்கு என்று எல்லாம் தனித்தனித் துண்டுகளாக ஒரு சட்டத்தில் தொங்கும். ரப்பர் சக்கரங்கள் வேறு. வெட்டி எடுத்து, உரசி, பசை தடவி ஒட்டி, சாயம் பூசினால் உள்ளங்கையில் ஒரு காடி வந்து நிற்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊர் திரும்பிய வெள்ளைக்காரச் சின்னதுரை ஒருவர் பங்களாவில் கழித்துக் கட்டிய சாமான்களில் இப்படி ஒரு பெட்டி புனிதனுக்குக் கிடைத்தது. பழைய லேண்ட்ரோவர். மேலே சுற்றிய கண்ணாடித் தாள்கூடக் கிழியவில்லை. படத்தில் அது ஓர் ஆற்றை மிதித்துக்கொண்டு போனது. ஆள் சொக்கிப்போய்விட்டார்.

அன்றைக்கே பிரித்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு அவருக்கு அலுப்பாக இருந்தது. இத்தனை அழகான பொருளை ஓய்ந்த கையால் தொட்டுப் பாழாக்கக் கூடாது, நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்தார். அந்த நாள் வந்தபாடில்லை.

ஒட்டுவதற்குத்தான் தெளிந்த கண்ணும் நிதானமான கையும் வேண்டும். வாங்குவதற்கு அதெல்லாம் வேண்டாம். லீவு நாளில் ஈப்போவுக்குப் பஸ் ஏறினால் போதும், பஸ்ஸிலேயே தூங்கிக்கொள்ளலாம். பழைய கடைகளின் பின்கட்டில் தூசி தின்று கிடக்கும் பெட்டிகளைத் தேடிப் பிடித்து வந்தார். ஒரு மொரிஸ், ஒரு வோக்ஸ்வேகன், ஒரு நீளமான அமெரிக்கக் காடி. ஒன்றையும் பிரிக்கவில்லை. எல்லாம் ரிட்டையர் ஆன பிறகு என்றார். சேர்க்கிறவர் என்று ஊர் அவரைச் சொன்னது. அவர் மனத்தளவில் ஒட்டுகிறவர். இதைச் சொன்னால் மோகனா தலையில் அடித்துக்கொள்வாள்.

பெட்டிகளை வைக்க இடம் வேண்டுமே. கேமரன் மலை ஈரம் லேசுப்பட்டதல்ல. தொழிலாளர் லயத்து வீட்டில் சுவரோரம் வைத்த அட்டை ஒரு மழைக்குள் பூசணம் பூத்துவிடும். தேயிலைக்காரருக்கு ஈரம்தான் எமன். ஈயத்தாள் ஒட்டிய மரப்பெட்டியில் போட்டு, காற்று போகாமல் மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் எந்தப் பொருளும் கெடாது என்பது அவர் கையாலேயே கற்ற பாடம். தேயிலைக்குச் செய்ததையே காடிகளுக்கும் செய்தார். கழித்த தேயிலைப் பெட்டிகளில் அவற்றை அடுக்கி, டிரையருக்குப் பின்னால் சூடு ஆறாத சுவரை ஒட்டி வைத்துவிட்டார். கணக்கெழுதும் கிராணி பார்த்தும் பார்க்காதமாதிரி போய்விடுவார். வீட்டில் இடம் மிச்சமானதில் மோகனாவுக்கும் சந்தோஷம்.

இதை ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் ஷஹாபுதீன். பக்கத்து டவுனான தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். காலையிலிருந்து அடுப்படியில் நிற்கிறவருக்கும் அலுப்புக்குக் குறைவில்லை. ஆனால் அவர் கையில் பெட்டி வந்தால் அன்றைக்கே பிரித்துவிடுவார். மீ கோரேங் நூடுல்ஸ் கிண்டுகிற இடைவேளையில் கதவை ஒட்டுவார், தேத்தண்ணீர் கலக்குகிற இடைவேளையில் கூரையை ஒட்டுவார். கல்லாவுக்கு மேலே கண்ணாடி அலமாரியில் அவர் ஒட்டிய காடிகள் வரிசையாக நிற்கும். எல்லாம் கொஞ்சம் கோணல். கண்ணாடியில் பசை வழிந்திருக்கும், சாயத்தில் அவர் கட்டைவிரல் ரேகை அச்சாக விழுந்திருக்கும். லீவு நாளில் தேத்தண்ணீர் குடிக்கப் போகும் புனிதன், அதைக் காட்டிக் கேலி செய்யாமல் திரும்பியதில்லை.

"என்ன பாய், காடிக்கு அடையாளக் கார்டு எடுத்துருக்கீங்களா? ரேகையெல்லாம் பதிச்சு வச்சிருக்கீங்க."

"ஒட்டுனவன் கை படாம எப்படிலா ஒட்டுறது? உன் காடியில பாரு, சுத்தம். ஏன்னா அது காடியே இல்ல, பெட்டி."

ஒருமுறை மட்டும் ஷஹாபுதீன் விளையாட்டில்லாமல் சொன்னார். "அந்த ரப்பர் சக்கரத்தையாச்சும் எடுத்துத் தனியா வை புனிதன். சூட்டுல அது வேர்க்கும். வேர்த்துச்சுன்னா பக்கத்துல இருக்கிற பிளாஸ்டிக்கைத் தின்னுடும். எனக்கு ஒன்னு அப்படித்தான் போச்சு."

"சக்கரத்தை எடுக்கணும்னா தாளைக் கிழிக்கணுமே."

"கிழி."

"கிழிச்சா அது பழைய பெட்டி ஆயிடும் பாய்."

"இப்ப மட்டும் புதுசா?"

புனிதன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சூட்டைப் பற்றி ஒரு டிரையர்க்காரருக்கு ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் பாடம் எடுப்பதா என்று கொஞ்சம் கோபம்கூட வந்தது.

ரிட்டையர் ஆகும் நாளும் வந்தது. மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். தோட்டத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தானா ராத்தாவில் ஒரு ஃபிளாட்டுக்கு மாற வேண்டும். தேயிலைப் பெட்டிகள் தொழிற்சாலையிலிருந்து லயத்து வீட்டுக்கு வந்தன. மறுநாள் காலையில் லேண்ட்ரோவரைப் பிரிப்பது என்று முடிவானது. கடையை மகள் ஃபாராவிடம் விட்டுவிட்டு ஷஹாபுதீனும் வந்துவிட்டார். பசை, அரம், சின்னக் கத்தி, இந்த ஒரு காடிக்காகவே வாங்கி வைத்திருந்த பச்சைச் சாய டப்பா எல்லாம் அவர் பையில் இருந்தன. புனிதனோ வழக்கம்போல வேலை நேரத்துக்கே விழித்துவிட்டிருந்தார். உடம்புக்கு ரிட்டையர் ஆன செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

மோகனா பேப்பர் விரித்த மேசையைத் துடைத்துக் கொடுத்தாள். புனிதன் கத்தியால் தாளைக் கீறி மூடியைத் தூக்கினார். குப்பென்று எண்ணெய் நாற்றம் அடித்தது. சக்கரங்கள் இருந்தன, ஆனால் அவை காடியின் எஞ்சின் முன்மூடிக்குள் புதைந்து கிடந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தார். பிசினாகக் கையோடு வந்தது. வந்த இடத்தில் குழி, குழிக்குள் சக்கரத்தின் வரிகள். கூரையிலும் அப்படியே.

அடுத்த பெட்டியைக் கிழித்தார். மொரிஸ். அதன் கதவைச் சக்கரம் தின்றிருந்தது. வோக்ஸ்வேகன், அமெரிக்கக் காடி, ஒவ்வொன்றாகக் கிழிக்கக் கிழிக்க அதே கதைதான். பொக்கிஷம்போல் காத்ததெல்லாம் உள்ளேயே உருகிக்கொண்டிருந்திருக்கிறது. இத்தனை வருஷமும் அலுப்பைத் தாங்கியது இந்தக் காலைக்காகத்தான். அந்தக் காலையே இப்படிக் கெட்டுப்போய் மேசையில் கிடந்ததைப் பார்த்து அவருக்கு அழுகை வந்தது. அழவில்லை என்று பிற்பாடு சாதித்தார். மோகனா பார்த்தாள்.

"ஈரம் தின்னாம காப்பாத்துனீங்க," என்றாள் மெதுவாக. "சூடு தின்னுடுச்சு."

"எல்லாம் போச்சு பாய். எடுத்துக் குப்பையில போட்டுடலாம்."

ஷஹாபுதீன் "அப்பவே சொன்னேன்" என்று சொல்லியிருக்கலாம். சொல்ல அவருக்கு உரிமையும் இருந்தது. அவர் அந்த முன்மூடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழே ரோட்டில் முட்டைக்கோஸ் மூட்டைகளோடு ஒரு லேண்ட்ரோவர் முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. கதவைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். முன்மூடி நசுங்கி, கூரை குழி விழுந்து, பச்சை எது துரு எது என்று தெரியவில்லை.

"அதப் பாருலா. இந்த மலையில குழி விழாத லேண்ட்ரோவர் ஒன்னக் காட்டு. அப்படி ஒன்னு இருந்தா நானே இதக் கொண்டுபோய்க் குப்பையில போட்டுட்டு வரேன்."

புனிதன் எட்டிப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"இன்னிக்கு வேணாம் பாய். ராத்திரி சரியாத் தூங்கல. நாளைக்கு நல்லாத் தூங்கி எழுந்து…"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதத்தானே சொல்றீங்க," என்றாள் மோகனா. கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது.

புனிதன் உட்கார்ந்தார். லேண்ட்ரோவரின் கதவோடு கூடிய பக்கப் பலகையைச் சட்டத்திலிருந்து வெட்டி எடுத்து, ஓரத்தை அரத்தால் உரசினார். ஷஹாபுதீன் பசை தடவிக் கொடுத்தார். "அடித்தட்டோட சேர்த்து அழுத்திப் பிடி. பசை பிடிக்கிற வரைக்கும் அசையாத." புனிதன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வேறு ஒன்றும் செய்யவேண்டியதில்லை, வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தால் போதும். ஜன்னலில் வெயில் லேசாக எட்டிப் பார்த்தது.

"எழுப்பட்டுமா பாய்?" என்று மோகனா கிசுகிசுப்பது எங்கோ தூரத்தில் கேட்டது.

"வேணாம் தங்கச்சி. பசை காயட்டும்."

கண் விழித்தபோது பக்கத்தில் தேத்தண்ணீர் ஆறி ஆடை கட்டியிருந்தது. கைகள் மட்டும் பிடியை விடவில்லை. விரலை மெல்லப் பிரித்துப் பார்த்தார். பலகை ஒட்டியிருந்தது, கோணலாக. ஓரத்தில் பிதுங்கிய பசையில் பிளாஸ்டிக் இளகி, கதவின் மேல் அவர் கட்டைவிரல் ரேகை அச்சு அசலாகப் பதிந்திருந்தது.

ஷஹாபுதீன் கத்தியை நீட்டினார். "சுரண்டிடுறியா? இப்பன்னா வந்துடும்."

புனிதன் காடியை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்து, அந்த ரேகையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இருக்கட்டும் பாய், என் கைதானே," என்றார். "அடுத்தது எது, அந்தப் பக்கத்துப் பலகையா?"

மோகனா ஆறிய தேத்தண்ணீரை எடுத்துக்கொண்டு போய் வேறு கலக்கி வந்தாள்.