தடியனைப் பிடித்தவர்கள்

ஜிம் நடத்துகிறவன் முன்னால் தினமும் யாராவது ஒருத்தர் சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கையை மடக்கி, "சேர், பெருத்திருக்கா?" என்று கேட்பார், இல்லை என்று சொல்லிப் பிழைத்த ஜிம்காரன் கொழும்பில் கிடையாது. மேற்கையைப் பற்றித்தான் எல்லாருக்கும் கவலை. பாவம் அந்த மணிக்கட்டு, அதைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை. ஊறுகாய்ப் போத்தல் மூடி திறபடாமல் பெண்சாதிக்கு முன்னால் மானம் போனவர்களே, லிஃப்ட் வேலை செய்யாத நாளில் இரண்டு கையிலும் மரக்கறிப் பையோடு மாடி ஏறி விரல் விறைத்துப் போனவர்களே, நீங்கள் எல்லாரும் என் ஆட்கள். உங்களை நினைத்துத்தான் வெள்ளவத்தையில், ஒரு புடவைக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிற என் சின்ன ஜிம்முக்குத் தடியனைக் கொண்டுவந்தேன்.

பெயர் வந்த விதம்

எடை கோத்துத் தூக்குகிற வழக்கமான பார் மெல்லியது. பிடித்தால் விரல்கள் சுற்றிவந்து பெருவிரலைத் தொட்டுவிடும். பார் தடிப்பாக இருந்தால் விரலும் பெருவிரலும் சந்திக்காது. சாமான் கையை விட்டு நழுவப் பார்க்கும், மணிக்கட்டு நழுவ விடாமல் மல்லுக்கட்டும். அப்படித்தான் பிடி ஏறும். எனக்குத் தோதான பார் கடையில் அகப்படவில்லை. தெமட்டகொடையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற ஒரு பாஸைப் பிடித்து, தடித்த இரும்புக் குழாய் ஒன்றில் செய்து தரச் சொன்னேன்.

வேலை முடிந்தது என்று போனில் கோல் எடுத்தார். போய்ப் பார்த்தால், மனுஷன் அன்பு மிகுதியில் நுனியிலிருந்து நுனிவரை வெள்ளிப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்! தொட்டால் சவர்க்காரக் கட்டி மாதிரி வழுக்குகிறது. "ஐயோ பாஸ், இது கையால பிடிக்கிற சாமான். இப்பிடி வழுக்கினா என்ன செய்யிறது?" என்றேன். அவர் என்னையும் பார்த்தார், பாரையும் பார்த்தார். பெயின்டைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு கிழமை போனது. ஆனால் அன்றைக்கு அவர் வாயில் வந்ததுதான் அதற்குப் பெயராக நிலைத்தது:

"பிடிக்கிறதெண்டா ஏன் சேர் இவனை இவ்வளவு தடியனாச் செய்யச் சொன்னீங்க?"

குடையோடு வந்த அம்மா

முதலில் மாட்டியவர் சுகந்தன். பம்பலப்பிட்டியில் ஒரு கந்தோரில் மேசை வேலை, ஈர்க்குச்சி உடம்பு, வாய் மட்டும் கொஞ்சம் பெரிசு. முதல் நாளே ஆசைப்பட்டுக் கூடுதலாகச் செய்துவிட்டு, விரலை மடக்க ஏலாமல் வீட்டுக்குப் போயிருக்கிறார். சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டி கேட்டதும் தாய்க்குச் சந்தேகம். "அது ஒண்டுமில்லை அம்மா, ஜிம்மில தடியனோட கொழுவிப்போட்டன். நாளைக்கு அவனை விடமாட்டன்" என்று இவர் பெருமையடித்திருக்கிறார்.

அடுத்த நாள் பின்னேரம் தாய் குடையோடு படியேறி வந்தார். ஒரே பிள்ளை, விடுவாரா? என் உடம்பைப் பற்றியும் இங்கே சொல்லத்தான் வேணும். நான் இரும்பும் தூக்குவேன், இடியப்பமும் குறைவில்லாமல் உள்ளே போகும். கதவடியில் நான்தான் நின்றேன். "எங்க என்ர பிள்ளையின்ர கையை முறிச்ச தடியன்?" என்று கேட்டவர், என் வயிற்றைக் கண்டதும் குடையை இறுக்கிப் பிடித்தார்.

"ஓ... நீர்தானோ அது?"

பிடிக்கேல்லை

அந்த அம்மாவை இருத்தி, பிளேன்டீ குடுத்து, தடியனைத் தொட்டுக் காட்டிய பிறகுதான் குடை கீழே இறங்கியது. அதிலிருந்து புதிதாக வருகிற ஆட்களிடம் நான் கொஞ்சம் பவ்வியம். தேவகி டீச்சர் வந்தபோது இந்தப் பவ்வியம்தான் என்னைக் கவிழ்த்தது. தடியனை ஒருதரம் பிடித்துப் பார்த்துவிட்டு, "சேர், பிடிக்கேல்லை" என்றார்.

மனுஷிக்கு வெறுத்துப் போச்சு என்று நினைத்து நான் தொடங்கிவிட்டேன். முதலில் யாருக்கும் அப்படித்தான், பழகப் பழக ஆசை வரும், ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கோ என்று வயிற்றிலிருந்து மூச்செடுத்து ஒரு பிரசங்கம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் சாட்டுகளைக் கேட்கிற மாதிரியே டீச்சர் பொறுமையாகக் கேட்டார். பிறகு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"மனசுக்கு நல்லாப் பிடிச்சிருக்கு சேர். கைக்குத்தான் பிடிக்கேல்லை!"

மேலே விட்டால் கீழே

இனிச் சிரிப்பை ஓரமாக வைத்துவிட்டுப் பரீத் நானாவைச் சொல்ல வேணும். மாளிகாவத்தைக்காரர், முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். காலி வீதிக் கடையொன்றில் கொத்து ரொட்டி போடுகிறவர். ரொட்டி கொத்துகிற இரண்டு தகட்டோடு அவர் சூடான கல்லடியில் நின்றால் தெருவே தாளம் போடும். கடை அடுப்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டு அவிழ்த்த பிறகும் பிடி வரவில்லை. முதலாளி புது ஆள் ஒருவரைக் கல்லடிக்கு எடுத்துவிட்டு, நானாவைப் பார்சல் சுற்றுகிற மேசையில் இருத்திவிட்டார். நோன்புப் பெருநாள் முடிந்தும் கை சரிவராவிட்டால் கல்லடி புது ஆளுக்கே என்றும் சொல்லிவிட்டார். "மேசையில இருந்தா என்ட கை ஊமையாப் போயிரும் சேர்" என்றார் நானா.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி குடுத்தவரிடம் கேட்டு, அவர் சரி சொன்ன பிறகுதான் தொடங்கினேன். எடை ஒன்றும் இல்லை, வெறும் தடியன். தூக்கி, இடுப்பளவில் வைத்துக்கொண்டு நிற்க வேணும், அவ்வளவுதான். முதல் நாளே வலது விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தடியன் தடாலென்று நிலத்தில் விழ, கட்டடமே அதிர்ந்தது. நானா தன் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். கொஞ்ச நேரத்தில் கீழ்ப் புடவைக்கடை முதலாளி தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு வந்து நின்றார்.

"தம்பி, மேல நீங்க ஒருக்கா கை விட்டா, கீழ நான் ஒரு கஸ்டமரைக் கை விடுறன்!"

கஞ்சி வாளி

றப்பர் மெத்தை விரித்தேன். தடியன் விழுந்தான், விழுந்தான், விழுந்துகொண்டே இருந்தான். நோன்பும் தொடங்கியது. நானா பகலில் வாய் காய்ந்து வந்து நின்றார். "உங்களுக்கென்ன விசரா நானா? தண்ணி வென்னி இல்லாம இதைத் தொடக்கூடாது, நோன்பு திறந்திட்டு வாங்கோ" என்று சத்தம் போட்டேன். கோபமில்லை, பயம். மனுஷன் அவசரத்தில் கையைத் திரும்பவும் உடைத்துக்கொண்டால் யார் பதில் சொல்வது?

அதுக்குப் பிறகு நோன்பு திறந்துவிட்டு, இரவுத் தொழுகைக்குப் போகும் முன் வருவார். வரும்போது எனக்கு ஒரு சின்ன வாளியில் நோன்புக் கஞ்சி. வாளி எப்போதும் இடது கையில்தான் இருக்கும், வலது கை அதுக்குப் பக்கத்தில் சும்மா ஆடிக்கொண்டு வரும். பெருநாள் கிட்டின நேரம், ஒரு இரவு வாளியை வாங்க நான் வழக்கம்போல அவருடைய இடது பக்கம் கை நீட்டினேன். அந்தப் பக்கம் வாளி இல்லை. வலது கையில் இருந்தது. பஸ்ஸில், நெரிசலில், படிகளில், முழுக்க வலது கையிலேயே கொண்டுவந்திருக்கிறார். என் கண் கலங்கியதை மறைக்க மூடியைத் திறந்து பார்த்தேன்.

"ஒரு சொட்டும் சிந்தல்ல, பாத்தீங்களா சேர்!"

கல்லடி

பெருநாள் கழிந்த சனிக்கிழமை, பொழுது பட்ட நேரம் அந்தக் கடைக்குப் போனேன். அன்றைக்குத்தான் முதலாளி நானாவின் கையைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். வாசலில் ஒரே சனம், கல்லடியில் யார் நிற்கிறார் என்று தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. டக்க-டக்க, டக்க-டக்க. மெஷின் மாதிரி ஒரே சீர். அது நானா இல்லை, புது ஆள். இவ்வளவு பாடும் வீணா?

சத்தம் நின்றது. பிறகு வேறொரு தாளம் எழும்பியது. இடது தகடு திடமாக விழ, வலது தகடு ஒரு கண் சிமிட்டு நேரம் பிந்தி வந்து சேர்ந்தது. முந்தி நானா அடித்த தாளம் இல்லை. ஆனால் தகடு நழுவவில்லை. பக்கத்தில் நின்ற திரீவீல்காரர், "ஆ, நானா வந்திட்டார்!" என்றார். சனத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனேன். ஆவிக்கு நடுவில் நானா, முகமெல்லாம் வியர்வையும் சிரிப்பும். ஒரு கொத்து அவருக்கு, அடுத்தது புது ஆளுக்கு, மாறி மாறி நிற்கட்டும் என்று முதலாளி தீர்ப்புச் சொல்லிவிட்டாராம். முழுக் கல்லும் கிடைக்கவில்லை. கிடைத்த பாதிக் கல்லில் நானா நிமிர்ந்து நின்றார். என்னைக் கண்டதும் வலது கையாலேயே இரண்டு பார்சலைத் தூக்கி நீட்டினார்.

"ஒண்டு உங்களுக்கு சேர், மத்தது தடியனுக்கு!"

இரண்டையும் நான் ஒருத்தனே சாப்பிட்டு முடித்தேன் என்பதால், அன்று குடையோடு வந்த அம்மா ஆளைச் சரியாகத்தான் அடையாளம் கண்டிருக்கிறார் என்று ஒப்புக்கொண்டு, எழுதின இந்தக் கையை இத்தோடு எடுக்கிறேன்.