பாசல் அம்மாள்

இந்த நாட்டவர்கள் சப்பாத்தோடு கோயிலுக்குள் போகிறார்கள். டாவோஸில் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலய வாசலைக் கடக்கும்போதெல்லாம், ஈரச் சப்பாத்துகள் வரிசையாக உள்ளே நுழைவதைப் பார்த்து என் கால்தான் கூசும். எண்பதுகள் பாதி கடந்துவிட்டன. எங்களுக்கென்று இங்கே ஒரு கோயில் இருப்பதாக நான் இன்னும் கேள்விப்படவில்லை. போன வருடம் ஊரில் ஆமிக்காரர் சுற்றிவளைப்பில் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனபோது, வேலை செய்யும் ஹோட்டலில் கோப்பை கழுவியபடியே நேர்த்தி வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. சாமிக்கு முன்னால் நின்று கேட்கவேண்டும் என்றொரு பிடிவாதம்.

ஹோட்டல் சமையற்காரி மார்த்தாவிடம் என் அரைகுறை ஜெர்மனில், "டெம்பல் எங்கே?" என்று கேட்டேன். அவள் முகம் மலர்ந்து, "பாசல்! மாயா டெம்பல்! ஷேர் ஷோன்!" என்று அதன் அழகைப் புகழ்ந்து, பாசல் நகரத்து விலாசமும் எழுதித் தந்தாள். மாயா என்றால் மகாமாயை, எங்கள் அம்மாள்தானே! அடுத்த லீவு நாளில் குளித்து முழுகி, ஒரு தேங்காயும் ஊரிலிருந்து கொண்டுவந்த கற்பூரமுமாக ரயிலேறினேன்.

போய்ச் சேர்ந்த இடத்தில் டிக்கெற் கேட்டார்கள். ஊரில் அர்ச்சனைக்கும் சீட்டு உண்டுதானே என்று சமாதானமாகி வாங்கினேன். உள்ளே, பழைய கோயில் வாசலொன்றின் மேற்பலகை. கரிய மரத்தில் அலங்காரத்தோடு ஓர் உருவம். தலைக்குமேல் பெரிய பாம்பொன்று வளைந்து குடைபிடித்தது. நயினாதீவு நாகபூசணி அம்மாளேதான்! உடம்பு புல்லரிக்க, சப்பாத்தைக் கழற்றினேன்.

காவலுக்கு நின்ற வயதான பெண் ஓடிவந்தாள். "ஷூ கபுட்?" சப்பாத்து பிய்ந்துவிட்டதா என்கிறாள்.

"நைன். டெம்பல்," என்று கைகூப்பிக் காட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. சுவரிலிருந்த வரைபடத்தில் குவாத்தமாலா என்ற நாட்டைத் தொட்டுக் காட்டி, மாயா என்பது அங்கேயுள்ள பழைய இனமொன்றின் பெயர், இது மியூசியம் என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என்றாலும் வந்த காரியம் விடவில்லை. "மைன் புரூடர்..." என்று தம்பியைப் பற்றித் தொடங்கி, மேலே சொல்ல வார்த்தையின்றி அழுதுவிட்டேன். அவள் என்ன விளங்கிக்கொண்டாளோ, வாசலில் போய் நின்று, வந்த கூட்டத்தைச் சற்று நேரம் மறித்துவைத்தாள். அவளுக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன்.

"ஆராயிருந்தாலும் பரவாயில்லை, தம்பியை விடுவியுங்கோ," என்று அந்த மரத்திடம் கேட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அம்மாவின் கடிதம் வந்தது. 'சின்னவன் வந்திட்டான், ராசா. நீ எந்தக் கோயிலுக்கு நேந்தனி? பேரை எழுது.'

மியூசியம் என்று எழுதக் கை வரவில்லை. பாசல் அம்மாள் என்று எழுதினேன். இப்போது யாழ்ப்பாணத்தில் பொங்கிப் படைக்கும்போதெல்லாம் அம்மா பாசல் அம்மாளையும் பேர்சொல்லிக் கூப்பிடுகிறாராம். நான் டாவோஸ் பனிக்குள் நின்று நல்லூர்க் கந்தனைக் கூப்பிடுகிறேன்.