யோகன் அண்ணையின் மூன்றாவது வருடம்

அன்று காலை எங்கள் வீதிக்குப் பத்திரிகை வரவில்லை. எங்கள் அகதி விடுதிப் பொறுப்பாளர் வாசலில் நின்று, பத்திரிகைக்காரன் படுத்துக் கிடக்கிறான் போலிருக்கிறது என்று ஜேர்மன் மொழியில் ஏசிக்கொண்டிருந்தார். நான் குசினியில் தம்பிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பத்திரிகை போடுவது மேல்மாடியில் இருக்கும் யோகன் அண்ணைதான் என்று பொறுப்பாளருக்குத் தெரியாது. எங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. அவர் வேறொருவருடைய பெயரில் அந்த வேலையைச் செய்துவந்தார். சற்று நேரத்தில் இரண்டு பொலிஸ்காரர்கள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். மூடுபனிக்குள் பின்னால் வந்த காருக்குச் சைக்கிள் தெரியவில்லையாம். பத்திரிகைகள் வீதி முழுவதும் கிடந்தனவாம்.

யோகன் அண்ணை அந்த இடத்திலேயே முடிந்துவிட்டாராம்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எல்லோரும் எழுதுகிறார்கள், நீயும் எழுது என்று அப்பா சொன்னார். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். இங்கே வந்த பின் அம்மா துப்புரவு வேலைக்குக் களவாகப் போனதால் தம்பியைப் பார்க்க வீட்டில் நின்றுவிட்டேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. ஆனால் மற்றவர்கள் எழுதியதை அப்பா வாசித்துக் காட்டியபோது எனக்குக் கோபம் வந்தது. சிரித்த முகம், உதவும் குணம் என்று எழுதியிருந்தார்கள். அது உண்மைதான். அவர் எதற்காக ஆசைப்பட்டார் என்று ஒருவரும் எழுதவில்லை. அவரை அறிந்த உங்களுக்கு அதைத்தான் எழுதுகிறேன்.

இந்த ஊர் அமெரிக்கன் ஃபுட்போல் அணிக்குக் குவாட்டர்பேக் ஆக வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். நடுவில் நின்று பந்தை வாங்கி, எதிர் அணிக்காரர் வந்து விழுத்துவதற்குள் யாருக்கு எறிவது என்று முடிவெடுப்பவர்தான் குவாட்டர்பேக். அந்த ஆள் பிழைவிட்டால் முழு அணியும் பிழைவிடும்.

அவர் அந்த விளையாட்டுக் கழகத்துக்கு முதலில் போனது சுடுதண்ணீருக்காக. அந்தக் குளிர்காலம் எங்கள் விடுதியில் கொதிகலன் பழுதாகிக் கிடந்தது. கழகத்தில் சேர்ந்தால் அவர்களுடைய குளியலறையில் குளிக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்குக் கிரிக்கெட் ஆடியவர், எல்லைக் கோட்டிலிருந்து விக்கெட்டுக்கு நேரே எறிந்து பழகிய கை. ட்ரெய்னர் முன்பு இங்கே இராணுவத்தில் இருந்து, ஒரு ஜேர்மன் பெண்ணைக் கட்டி நின்றுவிட்ட அமெரிக்கர். அந்தக் கையைப் பார்த்துவிட்டு, மூன்று வருடம் பொறுத்தால் உன்னைக் குவாட்டர்பேக் ஆக்குவேன் என்றாராம்.

விடுதிக்கு வந்து அதை எங்களுக்குச் சொல்லிக் காட்டினார். "முதல் வருஷம் ஒண்டும் விளங்காதாம். ரெண்டாம் வருஷம் விளங்குமாம், ஆனால் பிந்தித்தான் விளங்குமாம். மூண்டாம் வருஷம் மூளைக்கு விளங்க முதல் கை எறிஞ்சிடுமாம்."

கீழ்மாடிக் கந்தையா மாமாவுக்கு அந்த நீள்வட்டப் பந்தைக் கண்டாலே சிரிப்பு. "கையாலை எறிஞ்சுபோட்டு ஃபுட்போல் எண்டுறாங்கள். டேய் யோகன், உந்த உரிச்ச தேங்காயை எறியப் பழக மூண்டு வருஷமோ?"

"தென்னம்பிள்ளைக்கு எத்தினை வருஷம் குடுப்பியள் அண்ணை?"

"அது ஆறேழு செல்லும்."

"எனக்கு அதிலை பாதி தாங்கோவன். காணும்."

எல்லோரும் சிரித்தார்கள். யோகன் அண்ணை மட்டும் உண்மையாகவே கேட்டார்.

பயிற்சி இல்லாத நாட்களில் அவருக்குப் பந்து பிடிக்க ஆள் இல்லை. பெடியன்கள் ஒருநாள் நின்றால் மறுநாள் வரமாட்டார்கள். நான் தம்பியை வண்டிலில் வைத்துக்கொண்டு கராஜ்களுக்குப் பின்னால் நிற்பதை அவர் கண்டிருக்கிறார். "பிள்ளை, சும்மாதானே நிக்கிறாய். உந்த மதிலடியிலை நில். வந்தால் பிடி, ஏலாட்டி விலத்து." நான் பிடிக்கவும் இல்லை, விலத்தவும் இல்லை. பந்து என் வலது சின்னவிரலை உடைத்தது. அவர் அப்பாவிடம் போய், "அடிக்கிறதெண்டால் அடியுங்கோ அண்ணை" என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "உன்னை அடிச்சு அவளின்ரை விரல் நிமிரப் போகுதே?" என்று அப்பா கதவைச் சாத்தினார். விரல் நிமிரவில்லை. வலி போனதும் நான் திரும்பவும் அங்கே போய் நின்றேன். அந்த மதிலடியில் நிற்கும்போது யாரும் என்னைக் கதைக்கச் சொல்லவில்லை.

இனிக் கசப்பானது. அகதி விண்ணப்பக்காரர் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் எல்லை, பெற்றோல் நிலையத்துக்கு அப்பால் இருந்தது. அணியின் ஆட்டங்களில் பாதி வெளியூரில். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அன்ட்ராக், அதாவது அனுமதி விண்ணப்பம், போட்டுப் பார்த்தார். விளையாட்டு அவசியமான காரணம் அல்ல என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அதனால் வெளியூர் ஆட்ட நாட்களில் மற்றவர்களின் பைகளை பஸ்ஸில் ஏற்றிக் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் திரும்பி வருவார். "நான் எங்கடை கோயில் தேர் மாதிரிப் பிள்ளை. வெளிவீதியோடை திரும்பிடுவன்" என்பார்.

வெளியூரில் அவருடைய இடத்தில் நின்று எறிந்தவன் தோமஸ். வயதில் இளையவன், நல்ல பெடியன், அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் அங்கே போய்ப் பந்தை எதிர் அணிக்காரன் கையில் எறிந்தான், விழுந்தான், தோற்றான், திரும்பி வந்தான், மறுபடி போனான். பிழைவிடவும் ஒரு மைதானம் வேண்டும். யோகன் அண்ணைக்குப் பாதி மைதானம்தான் கிடைத்தது. ஆனால் ட்ரெய்னர் வருடங்களை இருவருக்கும் ஒரே நாட்காட்டியில் எண்ணினார்.

இரண்டாம் வருடக் கடைசியில் தோமஸின் தோள் பிசகியது. கழகத் தலைவர் வெர்னர், "நீ வா, தலைக்கவசத்துக்குள் யார் என்று யாருக்குத் தெரியும்?" என்று இவரை பஸ்ஸில் ஏற்றினார். வென்றுவிட்டு வந்தார். அன்று பின்னேரம் குசினியில் சோற்றுப் பானையைக் கழுவியபடி ஒவ்வொரு எறியையும் சொன்னார். நுரைக் கையால் பானை மூடியை எறிந்துகூடக் காட்டினார்.

அடுத்த நாள் உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. தலைக்கவசத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சிரிக்கும் யோகன் அண்ணை, கீழே முழுப் பெயர். வெர்னர்தான் பெருமையில் படத்தைக் கொடுத்திருந்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் படம் வந்துவிட்டதே. அந்தப் பத்திரிகையை வீடு வீடாகப் போட்டவரும் யோகன் அண்ணைதான். எனக்கும் ஒன்று கொண்டுவந்து தந்தார். "பார் பிள்ளை, என்னை நானே காவிக்கொண்டு திரியிறன்."

அந்தக் கிழமை அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். அதிகாரி படத்தை வெட்டி மேசையில் வைத்திருந்தாராம். தண்டம் போட்டார்கள். இனியும் எல்லை தாண்டினால் அகதி வழக்குக்குக் கூடாது என்றும் எச்சரித்தார்கள். கழகத்தில் கூடிப் பேசி, இனித் தோமஸ்தான் குவாட்டர்பேக் என்று முடிவு செய்தார்கள். உள்ளூர் ஆட்டத்துக்கும் அவன்தான். ட்ரெய்னர் இவரைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு இன்னும் பக்குவம் வரவில்லை" என்று சொன்னார்.

அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. எங்களுக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். வீண் தொல்லை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். யோகன் அண்ணை அதை விளங்கிக்கொண்டிருப்பார், பயம் எங்களுக்குப் புதிதா? பக்குவம் இல்லை என்று சொன்னதால் அவர் குறையைத் தன்னிடம் தேடத் தொடங்கினார்.

மூன்றாம் வருடம் முழுவதும் கோட்டுக்கு வெளியே தொப்பியோடு நின்று, தோமஸுக்குக் கையால் சைகை காட்டினார். விடுதியில் கேலி கூடியது. "என்னடா, தேங்காய் வந்திட்டுதோ, இன்னும் குரும்பட்டியோ?" என்று கந்தையா மாமா படியில் மறித்துக் கேட்பார். இவர் விலத்திக்கொண்டு மேலே ஏறிவிடுவார். ஆனால் கராஜ்களுக்குப் பின்னால் எறிவதை விடவில்லை.

போன மார்கழியில் ஒருநாள் பின்னேரம் எனக்கு ஒன்று தெரிந்தது. பந்து முன்பைவிட வேகமாக வந்தது. ஆனால் கை நோகவில்லை. நான் கை நீட்டும் இடத்துக்கு, நீட்டும் நேரத்துக்கு, வந்து இருந்தது.

"அண்ணை, இப்ப நோகேல்லை" என்றேன்.

"என்ன?"

"பந்து. நோகேல்லை."

அவர் தூரப் போய் நின்றார். "ஓடு" என்றார். ஓடினேன். திரும்பிப் பார்க்க முதல் பந்து கைக்குள் இருந்தது. நோகவில்லை. இன்னும் தூரப் போனார். அப்போதும் நோகவில்லை. பிறகு கராஜ் வாசலில் வந்து குந்தினார்.

"அப்ப பக்குவம் வந்திட்டுது போலை, என்ன பிள்ளை?"

"ஓம் அண்ணை."

"பங்குனியிலை பயிற்சி தொடங்க ட்ரெய்னரிட்டைக் கேக்கப் போறன். உள்ளூர் ஆட்டம் மட்டும் தந்தாலும் காணும்."

பங்குனிக்கு அவர் இருக்கவில்லை.

தகனம் டோர்ட்மண்டில் நடந்தது. அவருடைய பெட்டி பெற்றோல் நிலையத்தைத் தாண்டிப் போனது. அன்று அவருக்கு யாரும் அன்ட்ராக் கேட்கவில்லை. அணிக்காரர் எல்லோரும் கழகச் சட்டையோடு வந்திருந்தார்கள். வெர்னர் அழுதார். கந்தையா மாமா ஒவ்வொருவரிடமும், "எங்கடை பெடியன், பேப்பரிலை படம் வந்தவன்" என்று சொல்லிக்கொண்டு நின்றார். ட்ரெய்னர் வரிசையாகக் கைகொடுத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொருவரிடமும் அதே வசனம்: "இன்னும் ஒரு வருடம் இருந்திருந்தால் அவன் தயாராகியிருப்பான்." அப்பாவிடமும் சொன்னார். அப்பா தலையை ஆட்டினார்.

என் கையைப் பிடித்தவர் அந்த வசனத்தைத் தொடங்கிவிட்டு நிறுத்தினார். சின்னவிரல் அவர் உள்ளங்கையில் குத்தியிருக்க வேண்டும். குனிந்து பார்த்தார். பந்து பிடிப்பவர்களின் விரல்களை அவர் நிறையக் கண்டவர்.

"யார் எறிந்தது?"

"யோகன்."

"எப்போது?"

"முதல் வருடம்."

"பிறகு?"

அதற்கான ஜேர்மன் சொற்கள் என்னிடம் இருந்தன. "பிறகு நோகவில்லை" என்றேன்.

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதால் அவர் முகம் எப்படி இருந்தது என்று தெரியாது. எனக்கு அடுத்ததாக அம்மா நின்றார். அம்மாவுக்கு அவர் கைகொடுத்தார், அந்த வசனத்தைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நின்ற யாருக்கும் சொல்லவில்லை.

பந்து கழகத்துடையது, திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். உடுப்புகளை அவரோடு ஒரே அறையில் இருந்தவர் ஊருக்கு அனுப்பினார். என்னிடம் இருப்பது இந்த விரல். அது அவருடைய முதல் வருடம், குளிருக்கு உளைகிறது. மூன்றாவது வருடமும் என்னிடம்தான் இருக்கிறது. அதை உள்ளங்கையில் வாங்கியவள் நான் ஒருத்திதான்.