ஜன்னலைத் திறந்து வைத்த மீன் குழம்பு

சென்ற வருடம், புரட்டாசி முடிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. தஞ்சாவூரில், புதிய பேருந்து நிலையத்தைத் தாண்டி நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் நடந்தது இது.

நான் பள்ளி ஆசிரியை. திருவாரூர்ப் பக்கம் நடவு நட்டும் களை பறித்தும் என்னைப் படிக்க வைத்தவர்கள் என் பெற்றோர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஃப்ளாட் வாங்கியவள் நான்தான். அந்தப் பெருமையெல்லாம் குடிவந்து மீன் குழம்பு வைக்கும் வரைதான். எதிர் வீட்டுக்காரர் காலிங் பெல்லை அழுத்தி, "வயக்காட்டுப் பழக்கத்தையெல்லாம் அங்கேயே விட்டுட்டு வரணும்மா" என்றார். அவர் சைவமாக இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு சுருக்கென்று குத்தியது.

அதன்பிறகு தினமும் ஏதாவது ஒரு தொல்லை. எங்கள் கதவில் ரூம் ஸ்பிரே அடிப்பார். வாசலில் ஊதுபத்தி கொளுத்தி வைத்துவிட்டுப் போவார். வாட்ஸ்அப் குழுவில் 'இன்றும் இரண்டாவது மாடியில் துர்நாற்றம்' என்று போடுவார். குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் புகார் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "அனுசரிச்சுப் போங்க டீச்சர். ஜன்னலைச் சாத்திட்டு சமைச்சா முடிஞ்சது" என்பார். அப்படியும் சமைத்துப் பார்த்தேன். வியர்வையில் குளித்தேனே தவிர, தொல்லை நின்றபாடில்லை.

ஒருநாள் அவர் லிஃப்டில் என் மகளிடம், எல்லோர் முன்னாலும், "இன்னைக்கு உங்க வீட்ல என்ன நாத்தம்?" என்று கேட்டிருக்கிறார். அன்றோடு அவள் தோழிகளை வீட்டுக்கு அழைப்பதை நிறுத்திவிட்டாள். வீட்டை விற்றுவிட்டு வேறு இடம் போய்விடலாம் என்றார் என் கணவர். என் வீட்டை விட்டு நான் ஏன் போக வேண்டும்?

புரட்டாசியில் நாங்களும் அசைவம் தொடுவதில்லை என்பதால் அந்த மாதம் அமைதியாகப் போனது. அது முடிந்த முதல் ஞாயிறு என்று யோசிக்காமல், சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தை அன்றைக்கே வைத்துவிட்டார்கள்.

அன்று காலை மீன் மார்க்கெட்டில் நிற்க இடமில்லை. பார்த்தால், எங்கள் குடியிருப்புக்காரர்கள் பாதிப் பேர் அங்கேதான். என்னைக் கண்டதும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் அவசரமாகக் கீரைக்கட்டை மீன் பைக்கு மேலே வைத்து மறைத்தார். அவர் வேறு யாருமல்ல, நம் செயலாளர்தான்! சிரிப்பு வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது.

வீட்டுக்கு வந்து எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்தேன். கூட்டம் நடந்த கார் பார்க்கிங் என் சமையலறைக்கு நேர் கீழே. வெந்தயம் தாளித்து, புளி கரைத்து ஊற்றி, குழம்பு கொதித்ததும் மீனைப் போட்டு, அது வெந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே போனேன். எதிர் வீட்டுக்காரர் ஏற்கெனவே கத்திக்கொண்டிருந்தார்.

"என் புகாரை இன்னைக்காவது பேசுவீங்களா?" என்று செயலாளரிடம் கேட்டேன்.

"அஜெண்டாவுல இல்லையே டீச்சர்."

"சரிங்க. அப்ப எல்லாருகிட்டயும் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இன்னைக்கு யாரு யாரு வீட்ல மீனு? கையத் தூக்குங்க."

ஒருவரும் அசையவில்லை. கீரைக்கட்டு விஷயம் என் நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. செயலாளரின் மனைவி!

"எங்க வீட்ல விரால் மீனு. இவருதான் ஜன்னலத் தொறக்கவே விட மாட்டேங்குறாரு. உள்ள வெந்து சாகுறேன்" என்றார்.

கூட்டமே சிரித்தது. பிறகு ஒவ்வொரு கையாக உயர்ந்தது. எதிர் வீட்டுக்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அத்தனை நாள் பேச நேரமில்லாத என் புகாரை அங்கேயே எடுத்து, அடுத்தவர் சமையலைச் சொல்லி யாரும் யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள்.

எதிர் வீட்டுக்காரர் இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. பரவாயில்லை, ஊதுபத்தியும் வருவதில்லை. மகளின் தோழிகள் இப்போது ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் வீட்டுக்கு வருகிறார்கள். ஆனால் யாராவது என்னிடம் "அனுசரிச்சுப் போங்க" என்று சொன்னால், எனக்கு இன்றும் முதலில் எழுந்து போய் ஜன்னலைத் திறக்கத்தான் தோன்றுகிறது.