செருப்பில் ஒரு சக்கரவர்த்தி

இன்று எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனியில் என் வாயால் ஒரு வேலை நின்றுபோனது. நான் வாய் திறப்பதே அபூர்வம்.

வெளிநாட்டு ஆர்டருக்காக ஒரு பெண்கள் செருப்புக்குச் சாம்பிள் செய்கிறோம். வாரின் நடுவே பழைய ரோமானிய வெள்ளிக்காசு போல, முகம் பொறித்த ஒரு வில்லை. அதைப் பதிக்கும் அமுதா அக்கா, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இன்னா பொண்ணு, யாரு இந்த மூக்கன்?" என்றார்.

எங்கள் வீட்டின் முதல் பட்டமான பி.ஏ. வரலாறு இன்றாவது உதவுகிறதே என்ற சந்தோஷத்தில் சொல்லிவிட்டேன்.

"டிராஜன்னு ஒரு ராஜா அக்கா. செத்தப்புறம் அவர சாமியாக்கி வெள்ளியில காசு போட்டாங்க. பின்னாடி கழுகு இருக்குது பாருங்க."

அக்கா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

"சாமியவா செருப்புல வெச்சி அடிக்கச் சொல்றீங்க? நான் மாட்டேன்பா."

சாம்பிள் மாலைக்குள் கூரியரில் போயாக வேண்டும். சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். "உன்ன யாரும்மா ஹிஸ்டரி எடுக்கச் சொன்னது? நீயே சரி பண்ணு."

அக்கா பக்கம் திரும்பினேன். நல்லவேளையாக அக்காவே கேட்டார்.

"அவரு சாமின்னு யாரு சொன்னது?"

"அவங்க ஊரு சபையில ஓட்டுப் போட்டு முடிவு பண்ணாங்கக்கா."

"ஓட்டா? அத மொதல்லயே சொல்லக் கூடாதா? அப்ப அவரு கட்சிக்காரரு!"

சுத்தியலை எடுத்துவிட்டார். ஆனால் அடிப்பதற்கு முன் வில்லையை ஒருமுறை கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்தச் செருப்பை எந்த நாட்டில் யார் வாங்கினாலும் சரி, கொஞ்சம் பார்த்து நடக்கச் சொல்லுங்கள்.